மெழுகு நிற்காத கார்

ஒரு காரின் மேல் மெழுகு இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஒரு கேள்வியோடு நான் ஒரு பனிக்காலத்தையே ஓட்டியிருக்கிறேன். கறுப்புக் கார் வைத்திருப்பவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மெழுகு போட்டால் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம், போய்விட்டால் வெளிறிக் காட்டிக்கொடுத்துவிடும். என்னுடையது வெளிர் வெள்ளி நிறம். வெயிலில் பொடிப்பொடியாக மினுக்கும். மூடுபனியில் கார் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மெழுகு போட்ட அன்றைக்கும் அப்படித்தான் இருக்கும், போடாத அன்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

அதை வாங்கியது நல்ல காலத்தில். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீ மேக்கராக இருந்தேன். சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை அது. இலை வாடியது போதுமா, அரைத்த இலை புளித்தது போதுமா என்று கையாலும் மூக்காலும் பார்த்துச் சொல்வது என் வேலை. இலையை ஒரு பிடி அள்ளி, உருட்டி, விட்டுப் பார்ப்பேன். பந்து மெல்லப் பிரிந்தால் சரி. அந்த மூக்கின் மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். அதனால் மல்லிகைப் பூ வைத்த பெண்களைக்கூட வாசலிலேயே நிறுத்துவேன். சளிக்கு யூகலிப்டஸ் தைலம் தடவிக்கொண்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீலகிரியில் தைலம் இல்லாத வீடு கிடையாது. என் வீட்டில் மட்டும் பன்னிரண்டு வருடம் தைலப் புட்டி நுழையவில்லை. என் உடுப்பில் ஒட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய்விடும் என்று மனைவியிடம் கறாராகச் சொல்லியிருந்தேன்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஏன் விழுந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார் ஒருவர். வெளிநாட்டுத் தூள் கப்பலில் வந்து இறங்குகிறது என்றார் இன்னொருவர். ஏலத்தில் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு குறைக்கிறார்கள் என்று டீக்கடையில் சத்தியம் செய்தார்கள். அந்த டீக்கடையில் ஒரு கிளாஸ் டீயின் விலை மட்டும் கால் ரூபாய்கூடக் குறையவில்லை. இலை பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் தோட்டத்தைக் காடாக விட்டார்கள். ஆறு நாள் ஓடிய தொழிற்சாலை நான்கு நாள் ஓடியது, அப்புறம் இரண்டு நாள். இரண்டு நாளுக்கு ஒரு டீ மேக்கர் தேவையில்லை, முதலாளியின் மைத்துனரே பார்த்துக்கொள்வார் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்தேன்.

கையில் மிஞ்சியது கார்தான். அதற்கு மஞ்சள் நம்பர் பலகை மாட்டி, குன்னூரில் ஒரு தங்கும் விடுதியில் வாடகைக்கு விட்டு, நானே ஓட்டினேன். என்னைப் போலவே இன்னொருவன் ஒரு வெள்ளை வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டிருந்தான். விருந்தாளிகளை ரயிலடியிலிருந்து அழைத்து வருவது, ஊட்டிக்குக் கூட்டிப்போவது, கல்யாணத்துக்கு வந்தவர்களை மண்டபத்தில் இறக்குவது. மழை ஓய்ந்தபின் இருக்கைகளில் பூஞ்சை நாற்றம் அடித்தது. மற்ற டிரைவர்களைப் போலவே நானும் பஞ்சில் தைலம் நனைத்து முன்பக்கம் செருகி வைத்தேன். ‘ஆஹா, ஊட்டி வாசனை’ என்று விருந்தாளிகள் மூச்சை இழுத்தார்கள். பன்னிரண்டு வருடம் நான் துரத்திய வாசனை எனக்குச் சோறு போட ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளும் ஒரு புட்டி வந்து சன்னலில் உட்கார்ந்துகொண்டது. மனைவி அதை நெஞ்சில் தடவிக்கொண்டு முதல்முறையாக ஒரு பனிக்காலத்தை இருமாமல் கழித்தாள்.

கோடை சீசனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விடுதி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், மெதுவாகப் பேசுபவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

“ஏனுங்க, சீசனுக்கு வெளி வண்டி ஒண்ணுதானுங்க வெச்சுக்கப் போறோம். ஒண்ணு உங்களுது, இல்லாட்டி அந்த வெள்ளை வண்டி. சீசன் ஆரம்பிக்கற அன்னைக்குக் காலைல ரெண்டையும் போர்ட்டிகோவுல நிறுத்துங்க. பார்த்துட்டுச் சொல்றனுங்க.”

“என்ன பார்ப்பீங்க?”

“வண்டி நல்லா இருக்கோணும். அவ்வளவுதானுங்க.”

சீசன் கிடைத்தால் வருடத்தைத் தள்ளிவிடலாம். கிடைக்காவிட்டால் காரை விற்றுவிட்டுத் திருப்பூர் போக வேண்டும். மனைவியின் அண்ணன் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் எனக்காக இடம் பேசிவைத்திருந்தார். நாற்பத்தாறு வயதில், அந்த வெயிலில், தைத்த பனியன்களை எண்ணிக் கட்டும் வேலை. எங்கள் தெருவில் அப்படிப் போன வீடுகள் நான்கு பூட்டிக் கிடந்தன. பூட்டின் மேல் பாசி ஏறியிருந்தது.

வண்டி நல்லா இருக்கோணும். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் நேராகக் கார் சாமான் கடைக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கடை. சரக்கு எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு பெருமை சொல்லாமல் விற்கமாட்டார் கடைக்காரர்.

“பாலிஷ், வாக்ஸ், சீலன்ட்னு மூணு எழுதிப் போட்டிருக்கீங்களே, மூணும் வேற வேறயா?” என்று கேட்டேன்.

“எல்லாம் ஒண்ணுதானுங்ணா. பாட்டில்ல இருந்தா பாலிஷ், டப்பால இருந்தா வாக்ஸ்.”

“அப்ப சீலன்ட்?”

“அது வெல சாஸ்தி இருந்தாலுங்ணா.”

நான் மஞ்சள் டப்பா ஒன்றை எடுத்தேன். திறந்தால் பழ வாசனை வந்தது. “இதைப் போட்டுட்டீங்கன்னா வண்டி மேல பனியே உக்காராதுங்ணா” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த இரண்டு மாதம் என்னைப் படாதபாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

வெயில் எட்டிப்பார்த்த ஒரு மதியம் விடுதிக்குப் பின்னால் நிறுத்தி, பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கை ஓய்ந்துபோயிற்று. முடித்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்று பார்த்தேன். கார் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தேய்த்த பக்கம் எது, தேய்க்காத பக்கம் எது என்று எனக்கே மறந்துவிட்டது. டப்பாக்காரன் என்னை ஏமாற்றிவிட்டானா, அல்லது என் கண் போய்விட்டதா?

அருவங்காட்டில் ஒரு பெயின்டர் இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். கார்களுக்குப் பெயின்ட் அடிப்பதில் கெட்டிக்காரர், அதைவிட எரிச்சல்காரர். தொழிற்சாலையின் ஜீப்புக்கு முன்பு அவர்தான் வேலை பார்த்தார், அந்தப் பழக்கத்தில் என்னை இன்னும் டீ மேக்கர் ஐயா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“பாலிசுங்கிறது தேய்க்கிறது, டீ மேக்கர் ஐயா. மெழுகுங்கிறது பூசுறது. தேய்க்கிறது தோலை எடுக்கும். பூசுறது தோலுக்கு மேலே நிக்கும். விளங்குதுங்களா?”

“விளங்குது. ஆனா பூசினா ஒண்ணுமே தெரியலையே.”

“இந்தக் கலர்ல எப்படித் தெரியும்? உள்ளுக்கு இருக்கிற மினுக்குத்தான் கண்ணுக்குப் படும். பளபளப்புக்குன்னு காசைக் கொட்டாதீங்க, நாள்பட நிக்கிறதைப் பார்த்துப் பூசுங்க. இந்த மலையிலே ஈரம்தான் வண்டியைத் தின்னும்.”

“நிக்குதான்னு எப்படிப் பார்க்கிறது?”

அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து என்ஜினுக்கு மேலிருக்கும் முன்மூடியில் ஊற்றினார். தண்ணீர் உருண்டு உருண்டு திரண்டு நின்றது. “முத்து முத்தா நின்னா மெழுகு இருக்கு. பாய் விரிச்ச மாதிரி படுத்துட்டா மெழுகு இல்லை. இதுதான் கணக்கு.”

எனக்கு உயிர் வந்தது. கண் ஏமாற்றினாலும் தண்ணீர் ஏமாற்றாது. வீட்டுக்கு வந்து நாளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் நாள் முத்து. இரண்டாம் நாள் முத்து, கொஞ்சம் தட்டையாக. ஐந்தாம் நாள் பாய் விரித்தது.

இங்கேதான் என் குழப்பம் சரியாக முளைத்தது. பல வருடம் இரவு ஷிப்டில் இலை ஓட்டிய உடம்பு என்னுடையது, காலை ஏழு மணிக்கு முன்னால் கண் திறக்காது. எழுந்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு காரைத்தான் போய்ப் பார்ப்பேன். வேலியில் பனி சொட்டும். கொடியில் மறந்து விட்ட துணி பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். எதிர்வீட்டு ஸ்கூட்டரின் இருக்கையில் தண்ணீர் தேங்கி நிற்கும். என் கார் மட்டும் காய்ந்து நிற்கும்! கையை வைத்து இழுத்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பனியே உக்காராதுங்ணா என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லையே என்று பூரித்துப்போவேன். உடனே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவேன். பாய் விரித்துப் படுத்துவிடும். பனியைக் கேட்டால் மெழுகு இருக்கிறது, தண்ணீரைக் கேட்டால் இல்லை. பனியும் தண்ணீர்தானே?

கடைக்காரரிடம் கேட்டேன். “அதுதானுங்ணா இந்த வாக்ஸோட விசேசம்” என்று சொல்லி, விலை கூடிய வேறொரு டப்பாவை விற்றார். பெயின்டரிடம் கேட்டேன். “காய்ஞ்சு நிக்குதா? அது எப்படி?” என்று தாடையைச் சொறிந்தார். வீட்டு வாசலில் கற்பூர மரத்தடியில் நிறுத்துகிறீர்களே, மரத்துச் சொட்டு மெழுகை அரித்திருக்கும் என்றார். விடுதியில் வெள்ளை வண்டிக்காரனைக் கேட்டேன். இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றான். அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து, நான் இல்லாத நேரம் அவன்தான் என் வண்டியில் எதையோ தடவுகிறானோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் முழுக்க அவனையே கண்காணித்தேன். அவன் பாட்டுக்கு வண்டிக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினான்.

தேயிலை விலை எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கும் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாக் காரணமும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இலை தோட்டத்திலேயே முற்றியது.

இரண்டாவது டப்பாவும் ஆறாம் நாள் கைவிட்டது. மூன்றாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பாட்டில் சீலன்ட் வரவழைத்தேன். இது சாதாரண மெழுகு அல்ல, ரசாயனம், ஆறு மாதம் அசையாது என்று அதன் மேல் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை: பூசியபின் ஒரு முழு நாள் ஈரம் படக்கூடாது. இதை எழுதியவனை ஒருமுறை குன்னூருக்குக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று இருந்தது. இங்கே தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாலே நமத்துப்போகும்.

ஈரமில்லாத ஓர் இடம் எனக்குத் தெரியும். தொழிற்சாலை. இலை காய வைக்கும் டிரையர் இருக்கும் அறையை ஒட்டினாற்போல இலை இறக்கும் கொட்டகை உண்டு. டிரையர் ஓடி நின்ற மறுநாளும் அந்தச் சுவர் கதகதப்பாக இருக்கும். வாட்ச்மேன் பழகியவர். ஓடாத நாள் ஒன்றில் வண்டியைக் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதும், “விடுங்க சார், எடந்தான் சும்மா கெடக்குதே” என்று கதவைத் திறந்துவிட்டார்.

அந்தக் கொட்டகையில் இலை சீசனில் நிற்க இடமிருக்காது. மூட்டை மூட்டையாக இலை வந்து இறங்கும், தராசுக்குப் பக்கத்தில் சண்டை நடக்கும், ஈரப் பச்சை வாசனை மூக்கை அடைக்கும். இப்போது தரை பெருக்கிக் கிடந்தது. நான் காரை நடுவில் நிறுத்திச் சீலன்ட்டைப் பூசினேன். அந்த மருந்து நெடி கொட்டகை முழுக்கப் பரவியது. பூ வைத்த பெண்ணை உள்ளே விடாதவன், இலை கொட்டும் இடத்தில் இதைப் பூசிக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய ஆள் நான்தான். பூசி முடித்துச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது, அழவில்லை. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் போய் எடுத்தேன். தண்ணீர் ஊற்றினால் முத்துக்கள் ஓடி விளையாடின. ஒன்றோடொன்று முட்டி, சேர்ந்து, வழுக்கி விழுந்தன. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. காலையில் மட்டும் வழக்கம்போலக் காய்ந்து நின்றது.

சீசன் தொடங்க நான்கு நாள் இருந்தது. கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்தப் பனி என் காரின் மேல் மட்டும் எப்படி உட்காராமல் போகிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடிகாரத்தில் ஐந்தரைக்கு மணி வைத்துக்கொண்டேன். அது அடித்தபோது பக்கத்தில் மனைவி இல்லை. குழாய்க்குப் போயிருப்பாள் என்று தெரியும். எங்கள் தெருவுக்கு விடியும்போதுதான் தண்ணீர் வரும், அவள்தான் எப்போதும் போய் வரிசையில் நிற்பாள்.

வெளியே வந்தேன். பனி கண்ணை மறைத்தது. காரின் பக்கத்தில் யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. தலையில் மப்ளர், என் பழைய ஸ்வெட்டர், காலடியில் இரண்டு காலிக் குடங்கள். என் மனைவிதான். முன்மூடியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“பார்த்தாத் தெரியலைங்களா? துடைக்கறனுங்க.”

“எத்தனை நாளா?”

“வண்டிய ஓட்டலுக்கு விட்ட நாள்ல இருந்துங்க. கொழாய்ல தண்ணி வர்ற வரைக்கும் சும்மாத்தானே நிக்கறேன்.”

சொல்லிக்கொண்டே இன்னொரு துணியில் எதையோ சொட்டினாள். சன்னலில் இருக்கும் தைலப் புட்டி.

“அது எதுக்கு?”

“மரத்துச் சொட்டு ஒட்டிக்கிதுங்க. வெறுந்துணில எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. தைலத்துல தொட்டுத் துடைச்சா வழுக்கிட்டுப் போயிருது. வண்டி பூராவும் ஒரு கை ஓட்டிட்டா நல்லாவும் இருக்குது.”

மரப் பிசினைக் கரைக்கும் தைலம் மெழுகை விட்டுவைக்குமா? தார், கோந்து, ஒட்டிய காகிதம் எதைக் கிளப்ப வேண்டுமானாலும் இந்த ஊரில் தைலத்தைத்தான் தேடுவார்கள். எனக்கே தெரிந்த விஷயம். இரண்டு மாதம் நான் பகலில் பூசியதை அவள் விடியலில் கழுவி எடுத்துக்கொண்டிருந்தாள். என் மூக்கு? காருக்குள் நானே செருகிய தைலப் பஞ்சு, அவள் நெஞ்சில் தடவிய தைலம் என்று எங்கே பார்த்தாலும் அந்த வாசனைக்கு ஒரு நியாயம் இருந்தது. அதனால் அது பேசாமல் இருந்துவிட்டது.

நான் கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். மூன்று மெழுகு, தொழிற்சாலைக் கொட்டகை, கோயம்புத்தூர்ப் பாட்டில் எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். புத்தி இருக்கா என்று கேட்டேன். திருப்பூர் போகத்தான் ஆசையா என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

அவள் துணியை மடித்தாள். “மெழுகு போட்டிருக்கேன்னு எங்கிட்டச் சொன்னீங்களா?”

நான் கடைக்காரரிடம் சொல்லியிருந்தேன். பெயின்டரிடம் சொல்லியிருந்தேன். வாட்ச்மேனிடம், வெள்ளை வண்டிக்காரனிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

“அப்பத் தேயிலைக்கு ஆகாதுன்னு தைலத்த ஊட்டுக்குள்ளயே விடலை நீங்க. பன்னண்டு வருசம் இருமிட்டே கெடந்தேன். இப்பக் காருக்கும் ஆகாதுங்களா? சரி, நானு தொடலைங்க.” குடங்களை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி இருந்தது, காரணம் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி. தேயிலை விஷயத்தில் கிடைக்காதது இதில் கிடைத்துவிட்டது. அன்றைக்கே வாட்ச்மேனைப் பிடித்து, காரைக் கொட்டகையில் ஏற்றி, பாட்டிலில் மிச்சமிருந்த சீலன்ட்டைப் பூசினேன். அந்த நான்கு நாளும் விடுதியிலிருந்து அழைப்பு இல்லை. மறுநாள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் அதன் பக்கமே போகவில்லை. குழாயடிக்கும் அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த நாள் வந்தது. காலையில் வெளியே போய்ப் பார்த்தேன். பனி முழுவதும் காரின் மேல் மணி மணியாக உட்கார்ந்திருந்தது. கூரையில், மூடியில், கதவில், கைப்பிடியில்கூட. ஒவ்வொன்றும் உருண்டையாக, தனித்தனியாக. பெயின்டர் சொன்ன கணக்கு இம்மி பிசகவில்லை. இதைத் துடைக்க எனக்கு மனம் வருமா? மேனேஜர் பார்க்க வேண்டும். மணிகள் உதிரக்கூடாது என்று விடுதிவரை இரண்டாவது கியரைத் தாண்டாமல் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ் ஒலி எழுப்பித் திட்டிக்கொண்டே கடந்தது.

போர்ட்டிகோவில் வெள்ளை வண்டி முதலிலேயே நின்றது, கண்ணாடி மட்டும் துடைத்து, மற்றதெல்லாம் சொட்டச் சொட்ட. நான் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். மேனேஜர் வந்தார். என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கைப்பிடியைத் தொட்டார். நனைந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“ஏனுங்க, வண்டிக்கு என்னாச்சு?”

“சீலன்ட் போட்டிருக்கேனுங்க. பாருங்க, தண்ணி எப்படி முத்து முத்தா நிக்குது.”

“நிக்குது சரி. ஏன் நிக்குதுன்னு கேக்கறேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பொம்பளைங்க பட்டுப் பொடவை கட்டீட்டுக் கல்யாணத்துக்கு ஏறுவாங்க. கதவுல சாஞ்சாங்கன்னா பொடவை போச்சு. போன சீசன்ல எவ்வளவு பேச்சு வாங்கினேன் தெரியுங்களா? அத்தனை வண்டியும் நனைஞ்சுட்டுத்தான் வரும். உங்களுது ஒண்ணுதான் என்னைக்கும் காஞ்சு வந்து நிக்கும். அதுக்குத்தான் உங்களுதையே வெச்சுக்கலாம்னு இருந்தேன்.” கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “தினம் எத்தனை மணிக்கு எந்திரிச்சுத் துடைப்பீங்க?” என்று கேட்டார்.

இரண்டு மாதம் அந்தக் காரின் மேல் விழுந்த ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் பார்த்தவன் நான். வேலி நனைந்திருக்கிறது, துணி நனைந்திருக்கிறது, எதிர்வீட்டு ஸ்கூட்டர் நனைந்திருக்கிறது, கார் மட்டும் காய்ந்திருக்கிறது. அதைப் பார்த்து மெழுகை மெச்சினேன். யாராவது துடைத்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. விடியலில் அவள் குரலைக் கேட்டபிறகும் தைலம்தான் என் காதில் விழுந்தது, துடைத்தது விழவில்லை.

“இன்னைக்கு மறந்துட்டேனுங்க” என்று பொய் சொன்னேன்.

துணி எதுவும் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏதாவது கிடக்குமா என்று பின்பக்கத்து டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பனியன் துணி இரண்டு மடித்து வைத்திருந்தது. துவைத்துக் காய வைத்த துணி. முகர்ந்து பார்த்தேன், தைல வாசனை இல்லை. தொடமாட்டேன் என்று சொன்னவள் எப்போது கொண்டுவந்து வைத்தாள் என்று தெரியவில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டே நிற்க, நான் கூரையிலிருந்து தொடங்கிக் கதவுவரை துடைத்தேன். மெழுகின் மேல் இருந்ததால் மணிகள் ஒரே இழுப்பில் வந்தன. கைப்பிடிகளை இரண்டுமுறை துடைத்தேன்.

“சரி” என்றார் மேனேஜர். “நாளைக்கு ஆறரைக்கு வந்துருங்க. இப்படி நனைஞ்சு இல்லாம, பழையபடி காஞ்சு.”

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

“கிடைச்சிருச்சு” என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மெழுகு நின்னுச்சுங்களா?”

“நின்னுச்சு. ஆனா மேனேஜர் அதைப் பார்க்கவே இல்லை.” அடுப்புப் பக்கம் போய் நின்றேன். “தினம் எத்தனை மணிக்கு எந்திரிச்சு வண்டியைத் துடைப்பீங்கன்னு கேட்டாரு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. அவள் முகத்தில் வெறும் ஆச்சரியம்தான் இருந்தது.

“அவரு கவனிச்சிருக்காரு பாருங்க” என்றாள்.